அகல் சிவந்தால்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு விளக்கு இருந்தது. எண்ணெய் கிடையாது, திரி கிடையாது, சுவிட்சும் கிடையாது. என் மண்டைக்குள் என்ன எரிகிறது என்று வீட்டாருக்குக் காட்டுவது அதன் வேலை. மருத்துவமனைக்காரர்கள் அதற்கு 'அகல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைப்பதில் மட்டும் நம் ஆட்களை மிஞ்ச ஆள் இல்லை.

என் தலை அமைதியாக இருந்தால் அகல் நீலமாக எரியும். உள்ளே அழற்சி கிளம்பினால் சிவக்கும். ஒருமுறை சிவந்துவிட்டால் அன்று முழுவதும் சிவப்புதான், மறுநாள் விடியும்வரை மாறாது. பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்களாம். சிவப்பு நாளில் நான் வேலைக்குப் போகக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, எந்த முடிவும் எடுக்கக்கூடாது. சட்டம் அவ்வளவுதான் சொன்னது. அதற்கு மேல் ஒன்றை என் வீட்டார் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். சிவப்பு நாளில் நான் பேசினால் யாரும் பதில் சொல்வதில்லை.

எல்லாம் ஒரு காட்டெருமையால் வந்தது. கோத்தகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல பனி. கார் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் நவநீதனுக்கு அது பிடிக்காது. "கையக் கட்டிட்டு உக்காந்துட்டு வாறதுக்கு நான் என்ன கேரட் மூட்டையா?" என்று தானோட்டத்தை நிறுத்திவிட்டு அவரே ஓட்ட ஆரம்பித்தார். சீழ்க்கை அடித்துக்கொண்டே ஓட்டினார். சீழ்க்கை அவருக்குப் பிரமாதமாக வரும். பாட்டு எதுவும் முதல் இரண்டு வரிக்கு மேல் தெரியாது.

ஒரு கொண்டை ஊசி வளைவில், சாலை நடுவே அது நின்றது. பனியில் அதன் கால்கள் தெரியவில்லை. கருப்பு உடம்பு மட்டும் வெள்ளைக்குள் மிதந்தது. அது மிரளவில்லை, நகரவில்லை, எங்களைப் பார்த்தது. அதன் கனவுக்குள் நாங்கள்தான் தெரியாமல் நுழைந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றது. என் தலை கண்ணாடிச் சன்னலில் இடித்தது. அவர் தலை எதில் இடித்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அவர்தான் முதலில் இறங்கி என்னைத் தூக்கினார் அல்லவா, தூக்கியவருக்கு என்ன ஆகியிருக்கப் போகிறது?

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, ரத்தம் கட்டவில்லை, லேசான அதிர்ச்சிதான், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவரையும் ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். "எனக்கொன்னுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

அந்தப் பனி எங்களோடு மலையிறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது. வெயில் கொளுத்தும் நடுப்பகலிலும் எனக்கு எல்லாம் பனிக்குள் தெரிந்தது. பக்கத்தில் பேசுபவர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. குக்கர் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கியது. தக்காளி நறுக்கும்போது காரணமில்லாமல் அழுகை வந்தது. வெங்காயம் என்றாலாவது ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும்.

அப்போதுதான் டாக்டர் மெர்லினிடம் அழைத்துப் போனார்கள். இளவயதுப் பெண். நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, தோழியிடம் பேசுவதுபோல் பேசினார்.

"கோகிலவாணி, நம்ம மூளைக்குள்ள காவக்காரங்க மாதிரி சில செல்லுங்க இருக்கு. தலையில அடிபட்டா எல்லாம் எந்திரிச்சு ஓடி வரும். சேதத்தைச் சுத்தம் பண்ணும். வேலை முடிஞ்சதும் திரும்பத் தூங்கப் போயிரணும். சிலபேருக்கு அது போறதில்ல. திருடன் எப்பவோ போயாச்சு, இவங்க இன்னும் விசில் ஊதிட்டே தெருத்தெருவா ஓடிட்டிருப்பாங்க. அதுதான் அழற்சி. அடி லேசுதான். விசில்தான் உங்கள அழவைக்குது, பயமுறுத்துது, கோவப்பட வைக்குது."

"அப்ப நான் அழுகறது நான் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சம் நீங்க, கொஞ்சம் விசில். எது எதுன்னு பாக்கத்தான் இது" என்று ஒரு பொட்டை எடுத்து என் நெற்றியில் வைத்தார். அரக்கு நிறம். கடையில் விற்கும் ஸ்டிக்கர் பொட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. "பொம்பளைங்க மறக்காம வைக்கிற ஒரே பொருள் இதுதானேன்னு பொட்டாவே செஞ்சுட்டாங்க. தோலைத் தொடணும்னுகூட இல்ல. ஒரு சாண் தூரத்துல நெத்தி இருந்தாப் போதும், படிச்சு உங்க வீட்டு அகலுக்குச் சொல்லிரும். தூக்கத்துல தலகாணில ஒட்டிக்கிட்டாலும் கவலையில்ல. குளிக்கும்போதும் கழட்டாதீங்க."

"ஆம்பளைங்களுக்கு?"

"வேற மாதிரி வரப்போகுதுன்னு சொல்லிட்டே இருக்காங்க. இன்னும் வரல" என்று சிரித்தார்.

குளிக்கும்போது கழற்றாதே என்றால் கை கேட்டால்தானே? விவரம் தெரிந்த நாளிலிருந்து குளிக்கப் போகுமுன் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பழகிய கை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் வாஷ்பேசினுக்கு மேல் ஒரு கண்ணாடி உண்டு. அதன் மூலையில் என் பழைய பொட்டுகள் ஒரு கூட்டமாக ஒட்டியிருக்கும். நான் குளித்துவிட்டு வந்து அரக்குப் பொட்டை எடுத்து மறுபடி நெற்றியில் வைத்துக்கொள்வேன். அதைத் தப்பென்றுகூட நான் நினைக்கவில்லை.

காலை வேளைகள் ஒரே மாதிரி நடந்தன. நான் குளியலறையில் இருப்பேன். கூடத்தில் அகல் சிவக்கும். என் மாமியார் சாந்தாமணி, "நவநீ, செவந்துருச்சுடா. அவ வந்தா பேச்சுக் குடுக்காத" என்று மகனுக்குச் சொல்லும் குரல் தண்ணீர்ச் சத்தத்தை மீறி எனக்குக் கேட்கும். நான் தலையைத் துவட்டிக்கொண்டு, மனசு லேசாக, அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்தபடி வெளியே வருவேன். எல்லோரும் கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள்.

"எனக்கு ஒன்னுமே இல்லீங்க அத்தை. நல்லாத்தான் இருக்கறேன்."

"ஆமாங்கண்ணு, ஆமா. போயிக் கொஞ்சம் படுத்துக்க."

ஒரு மனுஷியைச் சிவக்க வைக்க இது போதாதா? நான் கத்துவேன். கத்தினால் அத்தை அகலைப் பார்ப்பார். நெருப்பில்லாமல் புகையாது என்று அவர் முகம் சொல்லும். நான் அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கெட்ட மனுஷி அல்ல அத்தை. சிவப்பு நாட்களில் எனக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோறு ஆக்கித் தட்டில் நெய் ஊற்றித் தருவார். பதில் மட்டும் தரமாட்டார்.

வேலையும் போயிற்று. நீலகிரியிலிருந்து கேரட்டும் பீட்ரூட்டும் ட்ரோன்களில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும். மண்டி மாடியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, அவற்றைப் பனிக்குள் வழிநடத்தி இறக்குகிறவள் நான். ஒரு மூட்டையைக்கூட மலையில் மோதவிட்டதில்லை. இப்போது மாலைகளில் மொட்டை மாடியில் நின்று, வேறு யாரோ இறக்கும் ட்ரோன்கள் விளக்குகளோடு வரிசையாக வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாக்குத் தோப்புகளுக்கு மேல் அவை மின்மினி போல மிதந்து வரும். அந்த நேரம் மட்டும் உள்ளே ஒரு அமைதி இருக்கும். அதை யாருக்குக் காட்டுவது? கீழே கூடத்தில்தான் காலையில் சிவந்தது சிவந்தபடி இருக்கிறதே.

நவநீதன் அப்போது மாறிப்போயிருந்தார். இரவில் நான் புரளும்போதெல்லாம் அவர் விழித்துக் கிடப்பார். கேட்டால், "தண்ணி குடிக்க எந்திரிச்சேன்" என்பார். சீழ்க்கை நின்றுவிட்டது. முன்பெல்லாம் சவரம் செய்யும்போது சீழ்க்கையும் கத்தியும் சேர்ந்தே நடக்கும், அடிக்கடி வெட்டுப்படும், நான் திட்டுவேன். இப்போது வெட்டே படுவதில்லை. என்னோடு வாழ்வது பாரமாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை அவர் வேலை விஷயமாக ஓசூருக்குப் போனார். திரும்பி வரும்வரை அகல் சிவக்கவே இல்லை. காலையில் நீலம், இரவிலும் நீலம். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து கேக்குது அம்மிணி" என்று அழுதார். அந்த நாட்களில் நான் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. உப்புப் போதுமா என்று கேட்டால்கூடப் பதில் வந்தது. அவர் திரும்பி வந்த மறுநாள் காலை அகல் மறுபடியும் சிவந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது. என் மூளைக்கு என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதை அவரும் நினைத்திருக்கிறார். அன்றைக்குப் பிறகு அவர் என் பக்கத்தில் உட்காருவதையே விட்டுவிட்டார்.

தொடர்ந்து சிவந்துகொண்டே இருந்தால் கடைசி வைத்தியம் ஒன்று உண்டு. அதற்கு 'அணைப்பு' என்று பெயர். காவல்காரர்களை மொத்தமாகத் தூங்க வைத்துவிடுவது. ஒருமணி நேர வேலை, வலி கிடையாது. நோயாளி சிவப்பில் இருப்பதால் அவர் சம்மதம் தேவையில்லை, வீட்டாரில் ஒருவர் கட்டைவிரல் வைத்தால் போதும்.

அணைப்பு செய்துகொண்டவர் எங்கள் தெருவிலேயே இருந்தார், ரோகிணி அக்கா. மாடிப்படியில் விழுந்து தலையில் அடிபட்டு, ராத்திரி பகலாக அழுதுகொண்டிருந்தவர். இப்போது அவர் முகம் துடைத்த தட்டு மாதிரி இருக்கும். அவரிடம் போய்க் கேட்டேன்.

"எப்படி இருக்குதுங்க அக்கா, அதுக்கப்புறம்?"

"நல்லாருக்குது வாணி. சத்தமே இல்ல." பூவைத் தொடுத்துக்கொண்டே சொன்னார். "அப்பா செத்தாருல்ல, போன மாசம்? வந்தவங்களுக்கு நாற்காலி பத்துமா, காபி பத்துமான்னு பாத்துட்டிருந்தேன். எல்லாரும், ரோகிணிக்கு எவ்வளவு தைரியம்னாங்க. எனக்குத் தெரியும், அது தைரியமில்ல. அழுகணும்னு ஞாபகம் இருந்துச்சு. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல."

"வருத்தமா இல்லீங்களா?"

"அதையுந்தான் தேடிப் பாத்தேன்" என்றார் அமைதியாக, அடுத்த பூவை எடுத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து நவநீதனிடம் சொன்னேன். "எனக்கு அணைப்பு வேண்டாமுங்க. நான் அழுதுட்டே இருந்துக்கறேன். கத்திட்டே இருந்துக்கறேன். என்ற அழுகை எனக்கு வேணும்."

அவர் என்னைப் பார்க்காமல், அகலைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில வரச் சொல்லீட்டாங்க. நான் கையெழுத்துக்குப் பதிலா விரல் வெச்சுட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"செவப்புல எடுக்கற முடிவு செல்லாது வாணி" என்றார். குரலில் கோபமில்லை, பாசமில்லை, எதுவுமே இல்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அன்று தூக்கத்தில் அந்த வளைவு வந்தது. காட்டெருமை சாலையில் நின்று, நெற்றியில் அரக்குப் பொட்டோடு, என்னிடம் ஏதோ கேட்டது. நான் பதில் சொன்னேன். அதற்குக் காது கேட்கவில்லை.

வெறும் வயிற்றோடு வரவேண்டும், தலைக்குக் குளித்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் வழக்கத்துக்கு முன்னதாகவே, யாரும் எழுவதற்கு முன் குளித்துவிட்டேன். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கூடத்தில் அகலுக்கு எதிரே உட்கார்ந்தேன். அது நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகான நீலம். இன்றோடு இது நிரந்தரமாக நீலமாகிவிடும், பார்த்துக்கொண்டிருக்க நான்தான் இருக்கமாட்டேன் என்று நினைத்தபோது கண்ணீர் இறங்கியது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அகல் நீலமாகவே எரிந்தது.

பின்கட்டில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நவநீதன் எழுந்துவிட்டார். அத்தை தனக்குக் காபி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அகல் சிவந்தது.

எங்கள் இரண்டு பேர் கண் முன்னாலும் நீலத்தின் நடுவில் ஒரு புள்ளி விழுந்து, பரவி, முழுக்கச் சிவந்துவிட்டது. அத்தை அகலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அகலைவிட என் நெற்றிதான் அவரை முதலில் உறுத்தியது.

"ஏனம்மிணி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா வெறும் நெத்தியோட உக்காந்திருக்கறே? பொட்டு எங்க?"

"கண்ணாடியில..." என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். நாங்கள் இருவரும் பின்கட்டுக்கு நடந்தோம்.

நவநீதனுக்குத் தூரப்பார்வை மட்டம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சவரம் செய்யும்போது முகத்தைக் கண்ணாடிமேல் ஒட்டாத குறையாக வைத்துக்கொள்வார். அன்றும் அப்படித்தான் நின்றார். ஆனால் சவரம் செய்யவில்லை. கன்னத்தில் நுரை காய்ந்து கிடந்தது. கத்தி கையில் சும்மா இருந்தது. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். அந்த நெற்றிக்கு ஒரு விரற்கடை தள்ளி, என் பழைய பொட்டுகளின் நடுவே, அரக்குப் பொட்டு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். எங்களைப் பார்த்ததும் அவசரமாகக் கத்தியைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். நான் கத்தியை வாங்கி வைத்தேன்.

"தினமும் இப்படித்தான் நிக்கறீங்களா?"

அத்தை கூடத்தைக் காட்டி, "அகல் செவந்திருச்சு நவநீ. பொட்டு அவகிட்ட இல்ல. இங்க உம்பட நெத்திக்கிட்ட இருக்குது" என்றார். வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் புடவைத் தலைப்பால் மகன் முகத்து நுரையைத் துடைத்தார்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் அங்கேயே, ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆத்திரமாக வந்தது. இத்தனை காலம் யார் வீட்டு நெருப்பில் நான் வெந்தேன்? என் வேலை போயிற்று, என் பேச்சு போயிற்று, இன்றைக்கு என் அழுகையும் போவதாக இருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் கைபேசி ஒலித்தது. டாக்டர் மெர்லின், எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"கோகிலவாணி, நீங்க எப்பவோ சரியாயிருப்பீங்க" என்றார். "நான் விளக்கப் பாத்தேன். உங்களப் பாக்கல. மன்னிச்சிருங்க."

"இப்ப என்ன பண்றதுங்க?"

"அவரு வெச்ச விரல் செல்லாது. சிவப்புல வெச்சது. உங்களுக்கு அணைப்பு கிடையாது." கொஞ்சம் தயங்கினார். "ஆனா, நேரம் ஒதுக்கி வெச்சிருக்கு. அவரக் கூட்டிட்டு வந்தீங்கன்னா அவருக்குப் பண்ணிரலாம். இப்ப நீலத்துல இருக்கறது நீங்க. உங்க விரல் ஒன்னு போதும். அவரு சம்மதம் தேவையில்ல."

"பண்ணலைன்னா?"

"தானா தணியலாம். தூக்கம், நடை, பேச்சு. உங்களுக்கு அப்படித்தான் தணிஞ்சிருக்கு. தணியாமயும் போகலாம். என்னால உறுதி சொல்ல முடியாது."

பேசி முடித்துவிட்டுப் பார்த்தேன். ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தவர் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. அத்தை என் தோளைத் தொட்டு, "அணைச்சுப்போட்டா இவன் பழையபடி ஆயிருவானா அம்மிணி?" என்றார். எனக்கு ரோகிணி அக்காவின் துடைத்த முகம் தெரிந்தது. என் விரல் ஒன்று போதும் என்பதும் தெரிந்தது. பொய் சொல்வானேன், ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. நான் பட்டதை அவரும் படட்டும் என்றிருந்தது.

"எனக்கொன்னுமில்லைன்னு சொன்னேன் வாணி" என்றார் அவர் மெல்ல. "நாந்தானே ஓட்டுனேன். நீ கண்ணு முழிக்காமக் கெடக்கறே. எனக்குத் தலை வலிக்குதுன்னு எந்த வாயில சொல்றது? அப்பறம் உனக்குச் செவக்குதுன்னாங்க. நாம்போயிட்டா செவக்கறதில்ல, வந்தா செவக்குது. என்னாலதான்னு..." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "உன்ற விரல வெச்சுரு. நான் எந்திரிச்சு வாறேன். செவப்புல எடுக்கற முடிவு செல்லாதுன்னு நாந்தானே சொன்னேன்? எனக்கும் செல்லாது" என்றார்.

நான் கண்ணாடியிலிருந்து அரக்குப் பொட்டை எடுத்து அவர் நெற்றியில் ஒட்டினேன். துடைத்தும் போகாத நுரையும் அந்தப் பொட்டுமாகப் பார்க்கச் சகிக்கவில்லை. அத்தை அழுதுகொண்டே சிரித்துவிட்டார். பிறகு கூடத்துக்குப் போய், அகலைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். சுவரில் ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. அது விழட்டும்.

திரும்பி வந்து அவருக்கு எதிரே, ஈரத்தரையிலேயே உட்கார்ந்தேன். என் கோபம் அப்படியேதான் இருந்தது. அது முழுக்க என்னுடையது, எங்கும் போகாது, சாவகாசமாகப் பட்டுக்கொள்ளலாம்.

"ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு வாணி" என்றார்.

"ஆவட்டும். நீங்க பேசுங்க. செவப்பா இருந்தாலும் நான் கேக்கறேன்."

அவர் காட்டெருமையிலிருந்து ஆரம்பித்தார்.